சிஆர்பி (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதம்) குறைவு என்றால் தொண்டையில் பாக்டீரியா இல்லை என்று சொல்லலாமா?

மருந்துப்பெட்டி:
முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவர். மூன்று நாளாகத் தொண்டைவலி, காய்ச்சல் 38.1 செல்சியஸ், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. இருமல், சளி இல்லை. சிஆர்பி 2, புரோகால்சிடோனின் (பாக்டீரியா தொற்றில் ரத்தத்தில் ஏறும் பொருள்) 0.1, ஏஎஸ்ஓ (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) 200க்குக் கீழ். வைரஸ் என்று விட்டுவிடலாமா?

நுண்ணோக்கி:
விடாதீர்கள். சிஆர்பியைச் சுரப்பது கல்லீரல். அதைச் சுரக்கச் சொல்வது இன்டர்லியூகின்-6 என்ற அழற்சிச் செய்தி தரும் புரதம். டோசிலிசுமாப் அடைப்பது அதன் ஏற்பியைத்தான். சொல் போய்ச் சேராவிட்டால், உள்ளே சீழ்க்கட்டியே இருந்தாலும் சிஆர்பி அசையாது.

புரோகால்சிடோனின், தொற்று ரத்தத்தில் பரவும்போதுதான் நன்றாக ஏறும். தொண்டையோடு நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு 0.25ஐத் தாண்டாமலே இருக்கலாம். ஏஎஸ்ஓ ஏறத் தொடங்கவே ஒரு வாரம் ஆகும், உச்சம் 3 முதல் 5 வாரத்தில். மூன்றாம் நாளில் அதைப் பார்த்தது வீண் செலவு.

இரவுப்பணி:
ரிடுக்சிமாப் போட்டவருக்கு, எதிர்ப்பொருள் உண்டாக்க வேண்டிய பி செல்களே இல்லாததால் ஏஎஸ்ஓ பிறகும் ஏறாமல் போகலாம். இம்யூனோகுளோபுலின் ஏற்றியவருக்கோ, தானம் தந்தவர்களின் எதிர்ப்பொருளே ஏஎஸ்ஓவாகத் தெரியும்.

கீமோவில் இருப்பவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சீழ் என்பதே பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற ரத்த வெள்ளணுதான். அது மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால் டான்சிலில் வெள்ளை படியாது, வெறும் சிவப்புதான், வலி மட்டும் கடுமையாக இருக்கும். காய்ச்சல் ஒருமுறை 38.3 தொட்டாலோ, 38.0 ஒரு மணி நேரம் நீடித்தாலோ எந்த மார்க்கருக்கும் காத்திருக்கக் கூடாது. இரண்டு செட் பிளட் கல்ச்சர் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக்.

மருந்துப்பெட்டி:
அப்படியானால் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தேடும் ரேபிட் டெஸ்ட் போதுமா?

நுண்ணோக்கி:
பாசிட்டிவ் என்றால் போதும். நெகட்டிவ் என்றால் இவருக்குக் கல்ச்சர் கட்டாயம். ஸ்வாப்பை இரண்டு டான்சிலிலும் பின்சுவரிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். நாக்கில் பட்டால் எச்சில் கிருமிகள்தான் வளரும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே எடுங்கள். 5% செம்மறியாட்டு ரத்த அகாரில் (கிருமி வளர்க்கும் தட்டில்) 24 மணி நேரத்தில் ஒன்றும் இல்லையென்றால் தட்டை எறியாமல் 48 வரை வைக்கச் சொல்லுங்கள். தொண்டைவலி தரும் இன்னொரு பாக்டீரியாவான ஆர்க்கனோபாக்டீரியம் மெதுவாகத்தான் வளரும்.

லேப் படிவத்தில் மருந்தின் பெயரை எழுதுங்கள். எழுதாவிட்டால் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் தேடிவிட்டு முடித்துவிடுவார்கள். தயிர்போல வெள்ளை ஒட்டியிருந்தால் கேண்டிடா பூஞ்சைக்கும் ஸ்மியர் போடச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
வாய் திறக்க முடியாவிட்டாலோ, கழுத்து ஒரு பக்கம் வீங்கினாலோ அன்றே சிடி. அடுத்த டோசிலிசுமாப் ஊசியைத் தொற்று அடங்கும்வரை நிறுத்திவைக்க வாத மருத்துவரிடம் இன்றே பேசுங்கள்.