ஒருத்தர் 40க்கு 40, இன்னொருத்தர் 6.8: நீங்க எந்த கேமை எடுத்தீங்க?

பார்சல் ஆபீஸ், சிவகாசி

வீடியோ கேம் ரிவ்யூ ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறப்ப எதை வாங்குறதுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணுனீங்கன்னு கேட்கத்தான் இந்த ஃபோரம் திரியை ஆரம்பிக்கிறேன். முதல்ல என் கதை.

தீபாவளி போனஸ்ல வீட்டுச் செலவு போக என் கையில நின்னது 1,500 ரூபாய். வீட்டுல இருக்கிறது பழைய பிஎஸ்4, அதான் சோனி பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின். பழைய டிஸ்க் விக்கிற கடையில அண்ணன் ரெண்டு டிஸ்க்கை எடுத்து மேஜை மேல வச்சாரு. ஒண்ணு டெத் ஸ்ட்ராண்டிங், இன்னொண்ணு டேஸ் கான். ரெண்டுமே 2019ல வந்தது. "எதை வேணா எடு தம்பி, ரெண்டும் ஒரே விலை"ன்னுட்டாரு. விலையிலயாவது வித்தியாசம் இருந்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும்.

ஒரு வாரம் டைம் கேட்டுட்டு வந்து ரிவ்யூ படிக்க ஆரம்பிச்சேன். குழப்பம் அங்க பிடிச்சுச்சு. டெத் ஸ்ட்ராண்டிங்குக்கு ஜப்பான்ல ஃபாமிட்சு பத்திரிகையில நாலு பேரு ஆளுக்குப் பத்து போட்டு 40க்கு 40. ஐஜிஎன் வெப்சைட்ல பார்த்தா 10க்கு 6.8. டேஸ் கான்ல வேற மாதிரி சண்டை. விமர்சகர்கள் போட்டதை எல்லாம் சேர்த்து மெட்டாகிரிட்டிக்ல 100க்கு 71. காசு குடுத்து விளையாடினவங்க போட்டது அதுக்கு ரொம்ப மேல. இதுக்கு நடுவுல எங்க அக்கா வீட்டுக்காரர் வேற. "டெத் ஸ்ட்ராண்டிங்கா? அது கேமே இல்லடா மாப்ள, கொரியர் வேலை"ன்னாரு.

அங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் பார்க்கிறது லாரி பார்சல் ஆபீஸ்ல. காலையில காலண்டர் பண்டல்ல ஆரம்பிச்சா ராத்திரி 8 மணி வரைக்கும் அதேதான். எண்ணு, எடை போடு, சீட்டு ஒட்டு, வண்டியில ஏத்து. வீட்டுக்கு வந்து டிவி முன்னாடி உட்கார்ந்தும் பார்சல் தூக்கணுமா? டேஸ் கானை எடுத்துட்டேன்.

குறை சொல்ல மாட்டேன். ஆரிகன் காட்டுல பைக் ஓட்டுறது சுகம். சும்மா சும்மா பெட்ரோல் தீர்ந்துபோகுதுன்னு ரிவ்யூல திட்டியிருந்தாங்க. ரிசர்வ்லயே வண்டி ஓட்டிப் பழகினவனுக்கு அதெல்லாம் ஒரு குறையா? மரம் அறுக்கிற மில்லுக்கிட்ட ஜாம்பி மாதிரி ஜந்துங்க நூத்துக்கணக்குல ஒரே அலையா ஓடி வரும் பாருங்க, அன்னைக்கு கண்ட்ரோலரைக் கீழ போட்டுட்டேன். கடைசி வரைக்கும் விளையாடி முடிச்சேன்.

பொங்கலுக்கு மச்சான் வீட்டுக்குப் போனா, அந்த 'கேமே இல்லாத' கேம் அவர் அலமாரியில தூங்குது. ரெண்டு மணி நேரத்துல தூக்கிப் போட்டுட்டாராம். சும்மாதானே கிடக்குதுன்னு எடுத்துட்டு வந்தேன்.

அதுல சாம்னு ஒரு ஆளு. முதுகுல பெட்டியை அடுக்கிக்கிட்டு மலை, ஆறு, பாறைன்னு நடக்கணும். எடை கூடக் கூட ஆள் தள்ளாடுவான். எல்2, ஆர்2 பட்டனை இறுக்கிப் பிடிச்சு நிதானப்படுத்தணும். ஆத்துல ஆழம் பார்க்காம இறங்கினா ஆளையே அடிச்சிட்டுப் போயிடும், பெட்டி ஒரு பக்கம் மிதக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி எந்தப் பெட்டியை முதுகுல வைக்கிறது, எதைத் தோள்ல மாட்டுறதுன்னு நாமதான் பார்க்கணும். முக்கோண பட்டனை அமுக்கினா கேமே அடுக்கித் தரும். முதல் நாள் அமுக்கினேன். அது அடுக்கின லட்சணம் எனக்குப் பிடிக்கல. எல்லாத்தையும் கலைச்சுட்டு நானே ஒண்ணொண்ணா எடுத்து வச்சேன், கனமெல்லாம் அடியில. "தலைக்கனம் வண்டிக்கும் ஆகாது"ன்னு எங்க லோடுமேன் அண்ணன் சொல்வாரு. மணி பார்த்தா ரெண்டரை. இன்னும் கதவைத் தாண்டி வெளியவே போகல!

ரிவ்யூல சலிப்புன்னு பக்கம் பக்கமா எழுதினது பூராவும் என் ஆபீஸ் வேலைதான். அதுல தப்பா ஒரு வரி கிடையாது. ஆனா ஒண்ணு, அந்த கேம்ல பெட்டியைக் கொண்டுபோய்க் குடுத்தா வாங்குறவங்க சந்தோஷப்படுறாங்க. நம்ம கவுண்டர்ல பண்டல் எடுக்க வர்றவங்க முதல்ல மூலை நசுங்கியிருக்கான்னுதான் பார்ப்பாங்க.

கேம் எப்படின்னு ரிவ்யூ சரியாத்தான் சொல்லுச்சு, அது எனக்கு ஒத்துவராதுன்னு நான்தான் என்னைத் தப்பா கணக்குப் போட்டுட்டேன். உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

ஹெட்போன், கோயம்புத்தூர்

எனக்கு நடந்தது இதுக்கு நேர் எதிருங்க. 2014 அக்டோபர்ல ஒரு வார இடைவெளியில ரெண்டு பேய்க் கேம் வந்துச்சு: ஏலியன் ஐசொலேஷன், தி ஈவில் விதின். ரெண்டையும் சேல் வரட்டும்னு விட்டு வச்சிருந்தேன். சேல் வந்தப்ப ஒண்ணுதான் வாங்க முடிஞ்சது. ஏலியனுக்கு ஐஜிஎன் 10க்கு 5.9, கேம்ஸ்பாட் 10க்கு 6, பிசி கேமர் 100க்கு 93. ஒரே கேமுக்குங்க!

மார்க் இருக்கிற இடத்தைக் கையால மறைச்சுட்டு ஐஜிஎன், பிசி கேமர் ரெண்டு ரிவ்யூவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சேன். ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணேதான். அந்த ஏலியன் ஜந்துவைக் கொல்ல முடியாது. எப்ப எந்தப் பக்கம் வரும்னு தெரியாது. நினைச்ச இடத்துல சேவ் பண்ண முடியாது. கேம் ரொம்ப நீளம். ஒருத்தருக்கு அதனாலயே வெறுத்துப் போச்சு, இன்னொருத்தருக்கு அதனாலயே மயிர்க்கூச்செறியுது. ஒரே சட்டி, ஒரே குழம்புங்க. காரம் தாங்குற நாக்குதான் வேற.

ஈவில் விதின் அப்படியில்ல. பிடிச்சவங்க, பிடிக்காதவங்க எல்லாருமே ஒரு குறையைச் சொன்னாங்க: திரையில மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை, பாதிதான் தெரியுது. பின்னால ஒரு அப்டேட்ல அதை எடுத்துவிட வழி பண்ணிட்டாங்க. ஆனா புகழ்றவரே ஒத்துக்கிற குறைன்னா அது ரசனை விஷயம் இல்லைங்கிறது என் கணக்கு.

93ஐ நம்பி ஏலியனை எடுத்தேன். அதுல சேவ் பண்ண சுவர்ல ஒரு மெஷின் இருக்கும். அட்டையைச் சொருகினா மூணு விளக்கு ஒண்ணொண்ணா எரியணும். ஒரு ராத்திரி முதல் விளக்கு எரிஞ்சது, ரெண்டாவது எரிஞ்சது, மூணாவதுக்குள்ள பின்னால இருந்து வாலு என் நெஞ்சு வழியா வெளிய வந்துருச்சு. அதே நொடி அடுப்படியில குக்கர் விசில். நான் போட்ட சத்தத்துக்கு அம்மா கரண்டியோட ஓடி வந்துட்டாங்க. பாதியில நிறுத்தினவன்தான், இன்னும் திறக்கல. ஆக எனக்கு நடந்தது என்னமோ 5.9காரர் சொன்னதுதான். ஆனா வாங்கினதுக்கு வருத்தமே இல்லைங்க. அந்த மூணு விளக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

பழைய மெஷின்

யார் எழுதினாங்க, எத்தனை மார்க்குங்கிறதை எல்லாம் அப்புறம் பாருங்க. எந்த மெஷின்ல விளையாடிட்டு எழுதினாங்க? அதை முதல்ல பாருங்க. 2020 டிசம்பர்ல எனக்கு சைபர்பங்க் 2077ஆ, அசாசின்ஸ் க்ரீட் வால்ஹாலாவான்னு யோசனை. சைபர்பங்க் வர்றதுக்கு முன்னாடியே வந்த ரிவ்யூ எல்லாம் அமோகம். என் தங்கச்சிதான் கேட்டா: "அண்ணா, இவங்க எல்லாரும் கம்ப்யூட்டர்லதானே விளையாடியிருக்காங்க? உன்கிட்ட இருக்கிறது பிஎஸ்4." அவ சொன்னது சரி. வெளியீட்டுக்கு முன்னாடி விமர்சகர்களுக்குப் போனது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும்தான். அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும், பிஎஸ்4ல கேம் ஒழுங்காவே ஓடல. பிஎஸ்4 பதிப்புக்கு மெட்டாகிரிட்டிக்ல 57. 10ஆம் தேதி வந்த கேமை ஒரே வாரத்துல சோனி தன் ஆன்லைன் கடையில இருந்து எடுத்துட்டாங்க, திரும்ப வச்சது 2021 ஜூன்ல. நான் அந்த நேரம் வால்ஹாலாவுல கப்பல் விட்டுக்கிட்டு இருந்தேன்.

2023ல 2.0 அப்டேட் வந்தப்புறம் அதே கேமைப் புகழாத ஆள் கிடையாது. "இப்ப வாங்கு"ன்னு ஊரே சொல்லுச்சு. ஆனா அந்த அப்டேட் பிஎஸ்4க்கு வரவே இல்ல. என் மெஷினுக்கு இன்னைக்கும் பழைய ரிவ்யூதான் ரிவ்யூ.

ரெண்டாவது கண்ட்ரோலர்

நான் எதுவும் எழுதாமல் படித்துவிட்டுப் போகிற ஆள். இதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. என் மகளுக்கு எட்டு வயது. கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின் வாங்கி வந்தார், கேம் எதுவும் இல்லாமல். அதை வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கிர்பியா, போக்கிமான் வயலட்டா?

போக்கிமான் ரிவ்யூக்களில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். எழுதியும் என்ன, வந்த மூன்று நாளில் ஸ்கார்லெட், வயலட் என்ற அதன் இரண்டு பதிப்பும் சேர்ந்து ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருந்தது. கிர்பிக்கு எல்லாரும் சொன்ன ஒரே குறை: ரொம்ப எளிது. எட்டு வயதுக் குழந்தைக்கு வாங்கப்போகிறேன், எளிதாக இருந்தால் என்ன கெட்டுப்போச்சு? கிர்பி வாங்கினேன்.

அந்த உருண்டைப் பிள்ளை ஒரு முழு காரை வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிற இடத்தில் என் மகள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. இரண்டாவது கண்ட்ரோலரை என் கையில் கொடுத்தாள். எனக்கு ஈட்டி பிடித்த ஒரு குட்டி வீரன். நான் விழுந்துகொண்டே இருப்பேன். "அம்மா, இது ஈஸிம்மா" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ரிவ்யூ எழுதினவர்கள் சொன்னதையேதான் இவளும் சொன்னாள்!

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகள் வரும் வரை. வந்தவுடன் ஒருத்தி கேட்டாள், "உங்கிட்ட போக்கிமான் இல்லையா?" என் மகள் ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இருபது ரிவ்யூ படித்த நான் அந்த வகுப்பில் மதிய இடைவேளையில் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

நாலு பேர், யாழ்ப்பாணம்

எங்கட கதை வேற. மச்சான்மார் நாலு பேர். நான் இஞ்ச, ரெண்டு பேர் கனடாவில, ஒருத்தன் லண்டனில. சேர்ந்து விளையாட ஒரு கேம் வேணும். ஹெல்டைவர்ஸ் 2ஓ, டீப் ராக் கலாக்டிக்கோ எண்டு கதைச்சுக்கொண்டிருந்தனாங்கள். அது 2024 மே மாதம். கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் எண்ட ஆன்லைன் கடையில போய்ப் பார்த்தால் ஹெல்டைவர்ஸுக்கு முழுக்கச் சிவப்பு, எல்லாப் பெருவிரலும் கீழ. போன கிழமை வரைக்கும் எல்லாரும் புகழ்ந்த கேம் அது.

ஸ்டீமில ஒவ்வொரு ரிவ்யூவிலயும் எழுதினவர் எத்தினை மணித்தியாலம் விளையாடினவர் எண்டு போட்டிருக்கும். ஒராள் 200 மணித்தியாலத்துக்கு மேல விளையாடிப்போட்டு 'வாங்காதேங்கோ' எண்டு எழுதியிருக்கிறார். பிடிக்காமலோ அவ்வளவு நேரம் இருந்தவர்? வாசிச்சாப் பிறகுதான் விளங்கினது. கோபம் கேமில இல்லை. இனி சோனியின்ர பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு கட்டாயம் எண்டு வந்த அறிவிப்பிலதான் கோபம். கொஞ்ச நாளிலேயே அதைக் கைவிட்டிட்டினம், சனமும் பெருவிரலைத் திருப்பிப் போட்டுது.

"கேம் நல்லம்தானே, வாங்கடா" எண்டு லண்டன்காரன் நிண்டான். அவனுக்கு அது சரி. அந்த நெட்வொர்க் இருக்கிற நாடுகளின்ர பட்டியலில இலங்கை இல்லை. கேம் நல்லமோ கூடாதோ எண்டதில்லை, நாளைக்கு என்னை உள்ள விடுவினமோ எண்டதுதான் என்ர கேள்வி. அதுக்கு எந்த மார்க்கிலயும் பதில் இல்லை. கடைசியில டீப் ராக் எடுத்தம். குகைக்குள்ள குள்ளர் நாலு பேர், ஒரு பட்டனை அமுக்கினால் கோடாலியைத் தூக்கிக் கத்துவினம். வேலை முடிஞ்சால் குறிச்ச நேரத்துக்குள்ள வாகனத்துக்கு ஓடோணும். முதல் நாளே லண்டன்காரனைக் குகைக்குள்ள விட்டிட்டு வந்திட்டம். மாமி சாப்பிடக் கூப்பிட எழும்பிப் போனவன்.

பார்சல் ஆபீஸ், சிவகாசி

எல்லாத்தையும் படிச்சேன். அந்தச் சின்னப் பிள்ளை அம்மாவைப் பார்த்த பார்வைதான் மனசுல நிக்குது.

நேத்து மச்சானுக்கு போன் போட்டு, டெத் ஸ்ட்ராண்டிங்ல அந்த ரெண்டு மணி நேரத்துல அப்படி என்னதான் பார்த்தீங்கன்னு கேட்டேன். "எங்க விளையாட விட்டான்? முக்கால்வாசி நேரம் படம்தானடா ஓடுச்சு"ன்னாரு. அதுவும் நியாயம்தான், நானும் ஆரம்பத்துல ரெண்டு தடவை தூங்கிட்டேன். ஸ்டீம்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள விளையாடிப் பார்த்துப் பிடிக்கலைன்னா 14 நாளுக்குள்ள காசைத் திருப்பிக் கேட்கலாம்னு சொல்வாங்க. இந்த கேமுக்கு அந்த ரெண்டு மணி நேரம் எந்த மூலைக்கு?

பதிலுக்கு டேஸ் கானை அவர்கிட்ட குடுத்திருக்கேன். இன்னைக்குக் காலையில பண்டல் ஏத்திக்கிட்டு இருக்கிறப்ப அவர்கிட்ட இருந்து மெசேஜ்: "மாப்ள, பெட்ரோல் தீர்ந்துபோச்சு. என்னடா கேம் இது?"