ஏஐ தேடல் பதில் சொல்லிவிட்டால் நம் தளத்துக்கு யார் வருவார்கள்?

நெடுவழி:
தண்ணீர் சுத்திகரிப்பான் பழுது பார்ப்பது எங்கள் தொழில். ஃபில்டரை எப்போது மாற்றுவது, குழாயில் ஏன் சொட்டுகிறது என்று வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பல வருடமாகத் தளத்தில் எழுதி வைத்திருக்கிறோம். படித்தவர்களில் சிலர் போன் செய்வார்கள். இப்போது தேடல் அறிக்கையைத் திறந்தால் இம்ப்ரெஷன் கோடு, அதாவது தேடலில் நம் தளம் கண்ணில் பட்ட எண்ணிக்கை, ஏறுகிறது; கிளிக் கோடு இறங்குகிறது. ஏஐ எங்கள் பதிலையே சுருக்கித் தேடல் முடிவுக்கு மேலே போட்டுவிட்டால் உள்ளே எதற்கு வருவார்கள்? எங்கள் உழைப்பில் இன்னொருவர் பிழைப்பதாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

தேன்சிட்டு:
கூகுள் 2014லேயே ஒரு தளத்தின் பத்தியை எடுத்து முதலில் காட்டத் தொடங்கிவிட்டது. அப்போதும் தொழில் போச்சு என்றார்கள். ஃபில்டர் மாற்றும் நாளை மட்டும் தெரிந்துகொண்டு போகிறவர் எப்படியும் உங்களைக் கூப்பிடப் போவதில்லை. எனக்கு ஏஐ வழியாக வருகிறவர்கள் குறைவுதான். ஆனால் விலை, உத்தரவாதம் எல்லாம் ஒப்பிட்டு முடித்துவிட்டு வருகிறார்கள். முதல் போனிலேயே "எப்போது வருவீர்கள்?" என்கிறார்கள்.

நெடுவழி:
எங்களுக்கு அழைப்பும் குறைந்திருக்கிறது. அன்று ஒரு பத்தி, அதோடு ஒட்டி அந்தத் தளத்தின் இணைப்பு. இன்று பல தளங்களைக் கலந்து ஒரே பதில். 2025 மார்ச்சில் அமெரிக்கர்கள் செய்த தேடல்களை பியூ ஆய்வு மையம் பார்த்தது. ஏஐ சுருக்கம் வராத தேடல்களில் 15 சதவீதத்தில் வழக்கமான இணைப்பைத் தொட்டார்கள் என்றால், சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான். சுருக்கத்துக்குள் இருக்கும் இணைப்பைத் தொட்டது வெறும் 1 சதவீதத்தில்.

தேன்சிட்டு:
அந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரே தேடலை இரண்டு விதமாக வைத்துச் சோதித்த எண்கள் இல்லை அவை. நீளமான கேள்வியாகக் கேட்டால்தான் சுருக்கம் அதிகம் வருகிறது என்று அதே ஆய்வு சொல்கிறது. அப்படியானால் அவை வேறு வேறு வகைத் தேடல்களின் எண்கள். நிறுவனத்தின் பெயரைத் தட்டித் தேடுகிறவர் கிளிக் செய்யாமல் எங்கே போவார்?

மரப்பாச்சி:
இருவரும் கிளிக்கைச் சுற்றியே பேசுகிறீர்கள். என் கவலை வேறு. எங்கள் தயாரிப்புக்கு உத்தரவாதம் எவ்வளவு என்று ஒரு ஏஐயிடம் கேட்டேன். ஒரு வருடம் என்றது. அதை இரண்டு வருடமாக்கி நெடுநாள் ஆகிறது! யாரோ எழுதிய பழைய விமர்சனத்திலிருந்து எடுத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் உத்தரவாதப் பட்டியல், பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடினால்தான் தெரியும். தளங்களைப் படிக்க ஏஐ நிறுவனங்கள் அனுப்பும் தானியங்கி நிரல்களான பாட்கள் பல அதை இயக்குவதில்லை, பக்கத்தின் மூல எழுத்தான ஹெச்டிஎம்எல்லை மட்டும் படித்துவிட்டுப் போகின்றன. பட்டியலைச் சாதாரண எழுத்தாக வைத்தோம், அப்புறம் பதில் திருந்தியது. அதற்குள் தப்பான பதிலை நம்பி வேறு நிறுவனத்துக்குப் போனவர்கள் எந்த அறிக்கையிலும் வர மாட்டார்கள்.

தேன்சிட்டு:
திருத்த முடிந்ததே, அதைத்தான் நானும் சொல்கிறேன். தெளிவான எண்களும் ஆதாரமும் உள்ள பக்கங்கள் ஏஐ பதில்களில் கூடுதல் இடம் பிடிப்பதாக பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2023லேயே எழுதியிருக்கிறார்கள். வழி இருக்கிறது.

நெடுவழி:
சரி, வேண்டாம் என்று விலக வழி இருக்கிறதா? சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐயில் ஏஐயின் பயிற்சிக்கு எழுத்தை எடுப்பது ஜிபிடிபாட், தேடலுக்கு எடுப்பது ஓஏஐ-சர்ச்பாட். ஒன்றைத் தடுத்து இன்னொன்றை விடலாம். கூகுளில் 2025 நிலவரப்படி, ஏஐ பயிற்சிக்கு வேண்டாம் என்று சொல்ல உதவும் கூகுள்-எக்ஸ்டெண்டடைத் தடுத்தாலும், தேடலின் மேலே வரும் சுருக்கமான ஏஐ ஓவர்வியூவில் நம் எழுத்து வரும், ஏனென்றால் அது தேடலுக்கு வரும் அதே கூகுள்பாட் எடுத்துப் போனது. பக்கத்திலிருந்து எதையும் எடுத்துக் காட்டாதே என்று சொல்லும் நோஸ்னிப்பெட் குறிப்பைப் போட்டால் சாதாரண முடிவில் நம் பெயருக்குக் கீழே வரும் இரண்டு வரியும் சேர்ந்து போய்விடும். கொடு, இல்லாவிட்டால் மறைந்து போ என்பது என்ன நியாயம்?

தேன்சிட்டு:
இதில் உங்கள் பக்கம்தான் நான். விலகும் உரிமை தனியாக வேண்டும். அது வரும்வரை என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?

நெடுவழி:
சேவைக் கட்டணம், எந்தெந்த மாடல், எத்தனை நாளில் வருவோம், இவை மட்டும் தளத்தில் இருக்கும். பழுது விளக்கங்களை எடுத்துவிடப் போகிறோம். அவை இனி எங்கள் வாடிக்கையாளருக்கு மட்டும் மின்னஞ்சலில் போகும்.

மரப்பாச்சி:
எடுக்கும் முன் ஒரு முறை யோசியுங்கள். நீங்கள் விடும் இடத்தில் யாரோ அரைகுறையாக எழுதியது வந்து உட்காரும். உங்கள் ஃபில்டரைப் பற்றி ஏஐ அதைத்தான் சொல்லும்.