ஒன்பதாம் நம்பர் கிளம்புது: சின்னவனோட ஆடினவங்க, அவன்கிட்ட மாட்டினவங்க எழுதுங்க

முதல் வரிசைக்காரன், தர்மபுரி:

எங்க ரக்பி டீம் ஸ்க்ரம்-ஹாஃப், அதாவது கூட்டத்துக்குள்ளிருந்து பந்தை எடுத்துப் பாஸ் போடறவன், இந்த மாசக் கடைசியில ஊரை விட்டுக் கிளம்பறான். ராணுவ ஆள் எடுப்புல தேறிட்டான். உயரம் அளக்கிற இடத்துல குதிகாலை ஒரு நூல் தூக்கினதா அவனே பெருமையா சொல்லிக்கிட்டுத் திரியறான், நம்பறது உங்க பாடு. பேரை எழுத வேணாம்னு கேட்டிருக்கான். மைதானத்துல கூப்பிடற மாதிரி சின்னவன்னே இருக்கட்டும்.

நேத்து நாலு ரோடு டீக்கடையில இதான் பேச்சு. ஒருத்தன் இவனை மாதிரி பாஸ் போட ரெண்டு மாவட்டத்துலயும் ஆள் கிடையாதுங்கறான். இன்னொருத்தன் இவன் போனாத்தான் பந்து சீக்கிரம் வெளிய வரும்ங்கறான். ரெண்டு பேரும் ஒரே மேட்சைப் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவனுங்க. அதான் இங்க கேட்கறேன். கூட ஆடினவங்க, எதிர்த்து ஆடினவங்க, வேலியோரம் நின்னு பார்த்தவங்க, நடந்ததை எழுதுங்க. மேடைப் பேச்சு வேணாம்.

நானே ஆரம்பிக்கறேன். பதினைஞ்சு பேர் ஆட்டத்துல ஸ்க்ரம்-ஹாஃபுக்கு ஜெர்சி நம்பர் 9, அது மாறாது. நம்ம ஊர்ல அந்த நம்பரைச் சொல்லி என்ன கேலி பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். திருநங்கைகளை நோகடிக்க எவனோ கட்டிவிட்ட சொல்லு, பள்ளிக்கூடத்துப் பசங்க வாய் வரைக்கும் வந்து ஒட்டிக்கிச்சு. அதனாலயே அந்த ஜெர்சி மடிப்புக் கலையாம பையோட அடியில கிடக்கும். ஏழு பேர் ஆட்டம்னா ஆளாளுக்கு வேற நம்பரைப் பிடுங்கிக்குவோம். இவன் ஒன்பதாவது படிக்கும்போது வந்தான். வந்த அன்னைக்கே அதை எடுத்து மாட்டினான், முழங்கால் வரைக்கும் தொங்குச்சு. ரெண்டு பேர் சிரிச்சோம். "நல்லா சிரிங்கண்ணா. பந்து வேணும்னா என்கிட்டதான வரணும்"னான். ஆமா, ரெண்டு பேர்ல ஒருத்தன் நான்.

நான் ப்ராப், முதல் வரிசையில முட்டித் தள்ளறவன். ரெண்டு டீமும் தலை கோத்துத் தள்ளற ஸ்க்ரம்ல தலையை உள்ள கொடுத்துட்டா ஸ்க்ரம்-ஹாஃபோட முகம் நமக்குத் தெரியாது, காலுதான் தெரியும். ஆறு வருஷமா அவன் காலைத்தான் பார்த்திருக்கேன். முதல் ரெண்டு வருஷம் பி.டி. பீரியடுக்குப் போடற வெள்ளை கேன்வாஸ் ஷூ, எங்க செம்மண்ணுல புரண்டு செங்கல் நிறமாயிடுச்சு. இடது ஷூ கயிறு எப்பவும் அவிழ்ந்து தொங்கும். அந்தக் கயிறு என் மூக்குக்கு நேரா வந்து நின்னா பந்து உள்ள வரப்போகுதுன்னு அர்த்தம், நான் தம் பிடிச்சுக்குவேன்.

பலம்னா, கீழ கிடக்கிற பந்தைத் தூக்கி, நிமிர்ந்து, அப்புறம் போடற வேலையெல்லாம் கிடையாது. குனிஞ்ச வாக்குலயே கை வீசிடும். குனியறான்னு நாம பார்க்கிறதுக்குள்ள, பாஸை வாங்கற ஃப்ளை-ஹாஃப் நெஞ்சுல பந்து இருக்கும்.

குறைன்னா, சில நாள் பந்து ரக்குக்கு (தரையில கிடக்கிற பந்து மேல ரெண்டு டீமும் நின்னு தள்ளற குவியல்) பின்னால சும்மா கிடக்கும், எடுக்கமாட்டான். மாம்பழ மண்டியில காயை முகர்ந்து பார்க்கிற வியாபாரி மாதிரி குனிஞ்சு நின்னுக்கிட்டே இருப்பான். அதுக்குள்ள எதிராளி வரிசை கட்டிடுவான். அடியில நாங்க மண்ணைத் தின்னுக்கிட்டுக் கிடக்கிறோம், இவனுக்கு மேல என்ன ரோசனை? ஓசூரோட ஆடின அரையிறுதி இப்படித்தான் போச்சு. எனக்கு இன்னும் ஆறல.

ஓசூர் ஃப்ளாங்கர்:

தர்மபுரி மச்சான்களுக்கு வணக்கம். ஸ்க்ரம் ஓரத்துல நின்னு உங்க ஒன்பதாம் நம்பரைத் துரத்தற ஃப்ளாங்கர் நான். 2004 வரைக்கும் நாம ஒரே மாவட்டம், அதனால உரிமையோட திட்டலாம்.

சின்னவன் வீட்ல தெலுங்கு. வெளியூர் டீமோட ஆடும்போது எதிராளிக்குப் புரியக்கூடாதுன்னு எல்லாத்தையும் தெலுங்குலதான் கத்துவான். இடது பக்கம்னா "எடம", வலது பக்கம்னா "குடி". ஒரு தடவை வேற மாவட்டத்துல காலை ஆட்டம். எங்க மேட்ச் அடுத்தது, நான் ஓரமா கால்ல டேப் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இவன் ரக்குக்குப் பின்னால நின்னுக்கிட்டு "குடி! குடி!"ன்னு தொண்டை கிழிய கத்தறான். வேலியோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர், "மணி பத்துகூட ஆகல, அதுக்குள்ள இந்தப் பசங்களுக்கு என்னா கேடு"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எழுந்து போயிட்டார்.

ஆனா ஓசூர்க்காரன்கிட்ட தெலுங்கைக் காட்டலாமா? எங்க தெருவுல தெலுங்கும் கன்னடமும் பேசி முடிச்ச பிறகுதான் தமிழ். அவன் கத்தறது எனக்கு அப்படியே புரியும். அதுக்கு மேல இன்னொண்ணு. அவன் வலது கைக்காரன். இடது பக்கம் பாஸ் போட வலது கை தள்ளும், பந்து சுத்திக்கிட்டுப் பறக்கும், அதைத் தடுக்க எவனாலயும் முடியாது. வலது பக்கம் போட இடது கை தள்ளணும். அங்கதான் ஐயா நோஞ்சான். தரையிலிருந்தே போட வராது, பந்தை ஒரு சாண் மேல தூக்கிட்டுத்தான் போடுவான்.

அந்த ஒரு சாண் எனக்குப் போதும். வாயால "குடி"ங்கறான், கையால ஒரு சாண் தூக்கறான், இதுக்கு மேல கல்யாணப் பத்திரிகை வெச்சா அழைப்பாங்க? கடைசிக் கால் கோட்டுக்குப் பின்னாலிருந்து பாய்ஞ்சேன். அவன் ஃப்ளை-ஹாஃப் கைக்குப் போக வேண்டிய பந்து என் கைக்கு வந்தது, நேரா கொண்டுபோய் ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல வெச்சேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வெச்ச ட்ரைக்கு அஞ்சு, அதுக்கப்புறம் கம்பத்துக்கு நடுவுல உதைக்கிற கன்வர்ஷனுக்கு ரெண்டு.

முதல் வரிசைக்காரன், தர்மபுரி:

அந்த ஏழு பாயின்ட்லதான் நான் சொன்ன அரையிறுதி போச்சு. இவ்வளவு நாளா அவன் லேட் பண்ணினதுதான் காரணம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் அடியில கிடந்தேன், எனக்கு எங்க தெரியுது.

ஓசூர் ஃப்ளாங்கர்:

லேட் பண்ணினது நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னு பார்க்கிறதுக்கா இருக்கும்.

டிவி ரசிகன், காவேரிப்பட்டினம்:

ஆடினதில்லை, பார்க்கிறவன் மட்டும். மாங்கூழ் ஃபேக்டரியில ஷிஃப்ட். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டரைக்கு ஆரம்பிச்சது, ஷிஃப்ட் முடிச்சு வந்து செல்போன்ல பார்த்தேன். நியூசிலாந்து ஸ்க்ரம்-ஹாஃப் ஆரன் ஸ்மித்துக்கு அது 125-வது டெஸ்ட், கடைசியும் அதுதான். கேப்டன் சிவப்பு அட்டை வாங்கி வெளிய உட்கார்ந்திருக்க, மிச்சம் இருந்த 14 பேரோட ஆடி ஒரு ட்ரை வெச்சார். கொண்டாடி முடிக்கல, அதுக்கு ரொம்ப முன்னாடி லைன்-அவுட்டுல (ஓரக் கோட்டிலிருந்து பந்தை உள்ள எறியறது) ஒரு நாக்-ஆன் (பந்து கையில பட்டு முன்னால போறது) இருந்ததுன்னு டிவி நடுவர் சொல்லி ட்ரை செல்லாமப் போச்சு. 11-12, ஒரே பாயின்ட்ல தென்னாப்பிரிக்காகிட்ட தோத்தாங்க. அவர் உயரமும் சின்னவன் உயரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தரையோட தரையா பாஸ் போடறதைப் பார்த்தப்ப எனக்கு நம்ம பையன் ஞாபகம்தான் வந்தது.

ஆனா ஒரு குறை சொல்லியே ஆகணும். அயர்லாந்து கானர் மர்ரே மாதிரி ரக்குக்குப் பின்னாலிருந்து உயரமா பாக்ஸ் கிக் அடிச்சு, நெருக்கடியிலிருந்து டீமை வெளிய கொண்டுவர இவனுக்கு வராது. சொந்தக் கோட்டுப் பக்கம் மாட்டினாலும் பாஸ்தான். எவ்வளவு தடவை நெஞ்சு பதறியிருக்கு.

முதல் வரிசைக்காரன், தர்மபுரி:

பாக்ஸ் கிக் ஏன் வரலைன்னு கேளுங்க. ஆறு வருஷத்துல நாலு வருஷம் எங்ககிட்ட இருந்தது ஒரே பந்து. மைதானத்துக்கு ஒரு பக்கம் வேலிக்காத்தான் முள்ளு. பந்து அங்க போனா ரெண்டு வாரத்துக்குப் பயிற்சி கிடையாது. அவன் கிக் அடிக்கக் காலைத் தூக்கினாலே பதினாலு பேரும் "டேய் வேணாண்டா"ன்னு கத்துவோம். கானர் மர்ரே எங்க மைதானத்துல வளர்ந்திருந்தா அவரும் பாஸ்தான் போட்டிருப்பார்.

ஆரன் ஸ்மித் எல்லாம் கொஞ்சம் ஓவர்ங்க. அவர் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போடுவார்.

டிவி ரசிகன், காவேரிப்பட்டினம்:

சரி, பாஸை விடுங்க. டேக்கிள்? 1994-ல சிட்னியில நியூசிலாந்து ஆள் ஜெஃப் வில்சன் ட்ரை வைக்கப் பாயும்போது, ஆஸ்திரேலியா ஸ்க்ரம்-ஹாஃப் ஜார்ஜ் கிரெகன் பக்கவாட்டுல வந்து மோதிப் பந்தைத் தட்டிவிட்டார், அதுல மேட்சே தப்பிச்சது. யூடியூப்ல இருக்கு, பாருங்க. அதே மாதிரி ஒண்ணை நான் பாலக்கோடு ரோட்டுப் பக்கம் ஒரு மைதானத்துல கண்ணால பார்த்திருக்கேன். தொண்ணூறு கிலோ ஆளு கோட்டுக்கு ரெண்டடியில. இவன் கணுக்காலைக் கட்டிப் பிடிச்சு இழுபட்டுக்கிட்டே போனான். பந்து கோட்டுக்கு ஒரு முழம் இப்பால விழுந்தது. எழுந்தா ரெண்டு முட்டியிலயும் தோல் இல்ல.

ஓசூர் ஃப்ளாங்கர்:

அந்தத் தொண்ணூறு கிலோ எங்க ஆளு. கிரெகன் கதை ஏத்துக்கறேன்.

விசில்காரர்:

நான் இரண்டு மாவட்ட ஆட்டங்களிலும் நடுவராக இருந்திருக்கிறேன். ஊர் எதுவும் குறிப்பிடவில்லை, மன்னிக்கவும்.

பந்தைத் தாமதிக்கிறான் என்ற புகாருக்கு என் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ரக்கில் ஓர் அணிக்குப் பந்து தெளிவாகக் கிடைத்து, அது வெளியே வராமல் கிடந்தால் நான் "யூஸ் இட்" என்று குரல் கொடுப்பேன். அதிலிருந்து ஐந்து விநாடி. அதற்குள் எடுக்காவிட்டால் ஸ்க்ரம், பந்து எதிரணிக்கு. பெரும்பாலான பிள்ளைகள் என் குரல் கேட்டதும் பதறிப்போய்ப் பிடுங்குவார்கள். இந்தப் பையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்து எண்ணுவான். நான்கில் எடுப்பான். ஒருமுறைகூட ஐந்தைத் தாண்டியதில்லை. அந்த நான்கு விநாடியில் அவன் கண் போகும் வழியை நான் கவனித்திருக்கிறேன். முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், கடைசியாகத் தன் ப்ராப் எழுந்துவிட்டாரா என்று ஒரு பார்வை. முதல் வரிசைக்காரத் தம்பி, நீங்கள் எழுந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் தாமதக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நியாயம்.

அவனுடைய உண்மையான குறை வாய். நடுவரிடம் பேச வேண்டியது அணித் தலைவர் மட்டும். இவன் தலைவன் அல்ல. ஆனால் மைதானத்தில் நான் தனியாக நடந்ததாக நினைவில்லை. கூடவே வருவான். "சார், பக்கவாட்டுல நுழையறாங்க சார். சார், கையை வெக்கிறாங்க சார்." அத்தனையும் பல்கவசத்தைக் கடித்துக்கொண்டு பேசுவதால் பாதி புரியாது. ஒரு ஏழு பேர் ஆட்டத்தில், அவர்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தேன். இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். எனக்கு அது போதும். பத்து மீட்டர் முன்னால் நடந்து பெனால்டி இடத்தை மாற்றினேன். எதிரணி சட்டென்று தட்டி எடுத்து ஓடி ட்ரை வைத்துவிட்டது. அவனுடைய அணியே அவனைப் பார்த்த பார்வை எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆட்டம் முடிந்து தண்ணீர் பாட்டிலோடு வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். "சார், பத்து மீட்டர்னா உங்க அடியில எத்தனை? எனக்குப் பதினொண்ணு மாதிரி தெரிஞ்சது" என்றான்.

வேடிக்கை பார்ப்பவன்:

பல்கவசம்னதும் ஞாபகம் வருது. புதுசா வாங்கினா வெந்நீர்ல போட்டு இளக்கிட்டுத்தான் பல்லுல கடிச்சு அச்சுப் பிடிக்கணும். அதுக்கு டீக்கடைப் பாய்லர் தண்ணி கேட்டு வாங்கி, டீ கிளாஸ்லயே போட்டு வெச்சிருந்தான். பக்கத்துல இருந்தவர் பேப்பர் படிச்சுக்கிட்டே அந்த கிளாஸைத் தன்னோடதுன்னு எடுத்துட்டார். மாஸ்டர் அன்னையிலிருந்து ரக்பிப் பசங்களுக்குப் பேப்பர் கப்தான்.

பெண்கள் டீம் 9, பாலக்கோடு:

அண்ணன்கள் எல்லாரும் அவனுக்கு இடது கை நோஞ்சான்னு முடிச்சுட்டீங்க. காரணம் நான் சொல்றேன், நானும் ஸ்க்ரம்-ஹாஃப்தான்.

பயிற்சி பண்ற மைதானத்துல பாதி சரளைக் கல்லு. விழுந்தா சிராய்ப்புன்னு எல்லாரும் மண்ணு இருக்கிற பாதியிலதான் ஓடுவாங்க. தினமும் ஒரே முனையிலிருந்து ஆரம்பிக்கிறதால அது அவனுக்கு இடது பக்கம். அஞ்சு வருஷம் யாருமே அவனுக்கு வலது பக்கம் நின்னு பந்து கேட்டதில்ல. நின்னிருந்தா கை தானா வந்திருக்கும். இதுல அவன் தப்பு எங்க இருக்கு?

போன வருஷம் ஆடி மாசம் என்கிட்ட வந்து கேட்டான். கேட்க ஒரு வாரம் யோசிச்சிருப்பான்னு நினைக்கிறேன், மத்த விஷயத்துல இருக்கிற வாய் அன்னைக்கு இல்ல. எங்க வீட்டுத் தக்காளிக் கிரேடை எட்டு மீட்டர் தள்ளி வெச்சேன். வலது கையை முதுகுப் பக்கம் டிரவுசர் இடுப்புல சொருகிக்கணும், இடது கையால மட்டும் தரையிலிருந்து பந்தை உருட்டித் தள்ளணும். முதல் நாள் அம்பதுக்கு ஆறு விழுந்தது. தினமும் சாயங்காலம் வந்தான். கார்த்திகை வரைக்கும் வந்தான். கடைசியில அம்பதுக்கு நாப்பது வந்தப்ப வானத்தைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டான், எங்க மாடு கயிறு அறுத்துக்கிச்சு. கிரேடு ரெண்டு உடைஞ்சது, அதுக்கு அப்பா மண்டியில காசு கட்டினார். அதை அவன்கிட்ட வாங்கணும். ராணுவத்துக்குப் போறதுக்குள்ள.

அதனால இப்ப அவனுக்கு வலது பக்கமும் வரும். நீங்க யாரும் கவனிக்கலை, அவ்வளவுதான்.

ஓசூர் ஃப்ளாங்கர்:

இதைப் படிச்சுட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன் தங்கச்சி. கார்த்திகையிலயே சரியாயிடுச்சா?

அப்ப பொங்கல் முடிஞ்சு எங்களோட ஆடின மேட்ச்ல என்ன நடந்ததுன்னு இப்பதான் புரியுது. ரெண்டாம் பாதி, ரக் எங்க கோட்டுக்குப் பதினைஞ்சு மீட்டர்ல. இவன் குனிஞ்சான், "குடி"ன்னான், பந்தை ஒரு சாண் தூக்கினான். அதே ஒரு சாண். எனக்கு வாயெல்லாம் பல்லு, பாய்ஞ்சேன். பாய்ஞ்ச இடத்துல பந்தும் இல்ல, ஆளும் இல்ல. நான் காலி பண்ணின சந்துல புகுந்து அவனே ஓடிட்டான். திரும்பிப் பார்த்தா கோட்டுல பந்தை வெச்சுட்டுப் படுத்துக்கிடக்கான். அன்னைக்கு அவன் அதிர்ஷ்டம்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். தூக்கினது பொய்! தூக்க வேண்டிய அவசியமே அவனுக்கு அப்ப இல்ல. எனக்காகத் தூக்கியிருக்கான்.

முதல் வரிசைக்காரன், தர்மபுரி:

எனக்கும் இது தெரியாது. கூடவே ஆடற எங்ககிட்டகூட மூச்சு விடல. இவன் வாய் ஓட்டைன்னு ஊரே சொல்லுது.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு அவனுக்காக ஒரு மேட்ச் வெச்சிருக்கோம், ஓசூர் டீமும் வருது. நடுவர் ஐயாவும் வரணும், அவர் கூடவே நடக்க ஆள் இருக்கு. அஞ்சரைக்கே வந்தா சரளைக் கல்லு பொறுக்க உதவியா இருக்கும். இந்தத் தடவை அந்தப் பாதியிலயும் ஓடணும். ரெண்டு பந்து இருக்கு.

ஓசூர் ஃப்ளாங்கர்:

வர்றேன். நான் எந்தப் பக்கம் நிக்கறதுன்னு மட்டும் யாராவது சொல்லுங்கப்பா.

சின்னவன்:

குடி, அண்ணா.