லவுட் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குணம் போதுமா?

கேள்வி:
2016இல் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘தி லவுட் ஹவுஸ்’ கார்ட்டூன் தொடரை முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பார்த்து வருகிறேன். பத்துச் சகோதரிகளுக்கு நடுவே வளரும் ஒரே பையனான லிங்கன், தன் திட்டங்களை நம்மைப் பார்த்தே பேசி விளக்குவதால் மனத்தில் பதிந்துவிடுகிறான். ஆனால் லூனா என்றால் ராக் இசை, லுவான் என்றால் கடி ஜோக், லீசா என்றால் ஆய்வுக்கூடம் என்று மற்றவர்களை ஒரே குணத்தில் அடைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. போகப்போக இது மாறுகிறதா?

பதில் 1:
எல்லாப் பெயரும் ‘ல’கரத்தில் தொடங்கும் பதினொரு பிள்ளைகளைப் பதினொரு நிமிடக் கதைக்குள் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால், தொடக்கத்தில் அப்படி ஓர் அடையாளம் தேவைதான். என்னைக் கேட்டால், அவர்களை ஆழப்படுத்துவது அந்த வீட்டின் இட நெருக்கடி. சகோதரிகள் பத்துப் பேரும் ஓர் அறைக்கு இருவராக ஐந்து அறைகளில் இருக்கிறார்கள்; துணி அடுக்கும் சிற்றறைதான் லிங்கனின் அறை. பந்தும் கையுமாகத் திரியும் லின்னும், சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்று எல்லாரையும் திடுக்கிட வைக்கும் லூசியும் ஒரே அறையில். இருவரும் சண்டையிட்டு, லின் தன் மூட்டையுடன் லிங்கனின் அறைக்குக் குடிவரும் கதையைப் பாருங்கள். தனி ஆளாக இருந்தால் வெறும் வேடிக்கையாகத் தெரியும் பழக்கம், கூட இருப்பவரின் பொறுமையைச் சோதிக்கும்போதுதான் குணமாக மாறுகிறது.

பதில் 2:
நெருக்கடி எப்போதும் நன்மை செய்வதில்லை. இரண்டாம் சீசனில் லிங்கன் துரதிர்ஷ்டம் பிடித்தவன் என்று லின் கிளப்பிவிட, பெற்றோர் உட்பட எல்லாரும் அதை நம்பி, அவனை வீட்டுக்கு வெளியே தூங்கும் நிலைக்குத் தள்ளும் கதை ஒன்று வரும். முதலில் அந்தப் பேச்சைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது அவன்தான் என்பது உண்மையே. ஆனாலும் அறிவியலே மூச்சாக வாழும் நான்கு வயது லீசாகூட மூடநம்பிக்கைக்குத் தலையாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கதையின் வசதிக்காகப் பாத்திரத்தைப் பலி கொடுத்துவிட்டார்கள். இரசிகர்கள் இன்றும் அதைப் பற்றிச் சண்டையிடுவதில் வியப்பில்லை.

பதில் 3:
நீங்கள் கேட்ட மாற்றம் ஐந்தாம் சீசனில் வருகிறது. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் பார்ட் 1989 முதல் பத்து வயதிலேயே நிற்க, இங்கே பதினொரு பேருக்கும் ஒரு வயது கூடுகிறது. மூத்தவள் லோரி கல்லூரிக்குப் போய்விடுகிறாள். அதற்கு முன்பே என்னைக் கவர்ந்தவள் லெனி. எதையும் தாமதமாகவே புரிந்துகொள்பவள் என்று எல்லாரும் கேலி செய்தாலும், ஆடை வடிவமைப்பிலும் தையலிலும் அவளுக்கு ஈடு அந்த வீட்டில் யாருமில்லை. கடையில் வேலைக்கும் சேர்ந்துவிடுகிறாள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. லின் மூட்டையுடன் குடிவரும் கதையை இன்றிரவே மறுபடி பார்க்கிறேன். ஆனால் லோரி வீட்டை விட்டுக் கிளம்புவதை இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம்; நான் இன்னும் இரண்டாம் சீசனையே தாண்டவில்லை.