சூப்பர்மார்க்கெட்டில் சுலபமாகக் கிடைக்கிற க்ராஃப்ட் பியர்: இந்த ஒரு வருஷத்தில் அசத்தினது எது?

ஒஹாயோவாசி:
வணக்கம் மக்களே. இந்த ஒரு வருஷத்துல குடிச்சதுல, "இது இவ்வளவு நல்லா இருக்கும்னு நினைக்கவே இல்லையே"ன்னு தோண வெச்ச க்ராஃப்ட் பியர் (தனி ருசிக்காகக் காய்ச்சுற பியர்) எது? நிபந்தனை ஒண்ணுதான். க்ரோகர், காஸ்ட்கோ மாதிரி கடையில போனமா எடுத்தமான்னு இருக்கணும். ப்ரூவரி (பியர் காய்ச்சுற ஆலை) வாசல்ல வரிசையில நின்னு வாங்குற சரக்கு வேண்டாம். ஊர் ஒஹாயோவுல இருக்கிற கொலம்பஸ்.

கூடவே மூணு சந்தேகம். ஐபிஏங்கிற பியர் வகைன்னாலே வெறும் கசப்புதானா? ஒரே பியர் ஒரு தடவை ஆரஞ்சுத் தோல் மாதிரி மணக்குது, அடுத்த தடவை நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கே, ஏன்? நம்ம காரத்துக்கு எது ஒத்துப்போகும்?

ஹாப்ஸ்பித்தன்:
இரண்டாவது சந்தேகத்துக்குப் பதில் கிடைத்தால் முதல் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும்.

அட்டைப்பெட்டி வாடை ஆக்ஸிஜனால் வருவது. பியர் பழசாகும்போது முதலில் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம் போகும், கசப்பு மட்டும் மொட்டையாக நிற்கும். ஐபிஏ என்றால் வெறும் கசப்பு என்று பலர் முடிவுக்கு வருவது இந்தக் கட்டத்தில் இருக்கிற பாட்டிலைக் குடித்துத்தான். அப்புறம் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) தேன் மாதிரி இனிக்கத் தொடங்கும், கடைசியில் அட்டை. சூடு இதை வேகப்படுத்தும். ப்ரூவர்கள் 3-30-300 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், இந்த மூன்றிலும் பியர் ஏறக்குறைய ஒரே அளவு கெடும். ஜூலை மாதம் கார் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தாலே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது தேதி, லேபிள் அப்புறம். பாட்டிலின் கழுத்து, தோள், கேனின் அடிப்பாகம், அட்டைப்பெட்டியின் பக்கவாட்டு, எங்காவது அச்சாகியிருக்கும். அது பேக் செய்த தேதியா, "இதற்குள் குடிக்கவும்" தேதியா என்று பிரித்துப் பாருங்கள். சில கம்பெனிகள் நான்கு இலக்கக் குறியீடு போடும். 5142 என்றால் 2025ஆம் ஆண்டின் 142ஆவது நாள், அதாவது மே 22. ஐபிஏ, அதைவிட மிதமான பேல் ஏல் போன்ற ஹாப்ஸ் தூக்கலான வகைகளுக்கு 90 நாளைத் தாண்டியதை நான் எடுக்க மாட்டேன். தேதியே இல்லாவிட்டால் அதையும் வைத்துவிடலாம்.

இப்போது பெயர்கள். சியரா நெவாடா பேல் ஏல், மதுவின் அளவு 5.6%. 1980இலிருந்து வருகிறது, எல்லா அலமாரியிலும் இருக்கிறது, அதனாலேயே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவின் சீகோவில் தொடங்கிய கம்பெனி, 2014 முதல் வட கரோலினாவின் மில்ஸ் ரிவரிலும் காய்ச்சுகிறது. உங்கள் பக்கத்துக்குப் புதுச் சரக்கு வர இது பெரிய வசதி. காஸ்கேட் என்ற ஹாப் வகையின் கிரேப்ஃப்ரூட் தோல் மணம், அடியில் லேசான கேரமல். ஆறு வாரத்துக்குள் குடித்தால் அது வேறு பியர் போலவே இருக்கும். பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் நொதித்துக் குமிழி வாயு ஏற்றுவதால் அடியில் மெல்லிய வண்டல் இருக்கும். அது கெடுதல் இல்லை. தெளிவாக வேண்டுமென்றால் கடைசி அரை அங்குலத்தைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது பெல்ஸ் டூ ஹார்ட்டட், 7%. மிச்சிகன் மாநிலத்தின் காம்ஸ்டாக்கில் காய்ச்சுவது, உங்களுக்குப் பக்கம்தான். சென்டெனியல் என்ற ஒரே ஹாப் வகைதான் போடுகிறார்கள். ஒரே ஹாப்பில் பைன் பிசின், ஆரஞ்சு, பூ எல்லாம் எப்படி வருகிறது என்பதை இதில்தான் கற்றுக்கொள்ள முடியும். 7% என்பதை மறக்க வேண்டாம். 355 மில்லி பாட்டில் ஒன்றிலேயே, அமெரிக்கக் கணக்கில் ஒரு 'ட்ரிங்க்' என்று சொல்கிற அளவைப்போல் 1.4 மடங்கு மது இருக்கிறது. இரண்டு குடித்துவிட்டு வண்டி எடுக்கிற பேச்சே கூடாது. மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும் மாலைக்கு ஃபவுண்டர்ஸ் ஆல் டே ஐபிஏ, 4.7%, போதும்.

மால்ட்டு மாமா:
தம்பி ஹாப்ஸ் பக்கமே நின்னுட்டார். போர்ட்டர், ஸ்டவுட்னு வறுத்த பார்லியில காய்ச்சுற கறுப்பு பியர் பக்கமும் கொஞ்சம் வாங்க.

ஒஹாயோவிலயே இருந்துட்டு கிரேட் லேக்ஸ் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் போர்ட்டரை விடக்கூடாது. கிளீவ்லேண்ட் சரக்கு, 6%. 1975 நவம்பர் 10 அன்னைக்கு சுப்பீரியர் ஏரியில 29 பேரோட மூழ்கிப்போன கப்பலோட பேரு. வறுத்த பார்லி, கசப்பு சாக்லேட், முடிவுல காபிக்கொட்டையை மென்ன மாதிரி ஒரு வறட்சி. கறுப்பா இருக்கு, கனமா இருக்கும்னு பயப்பட வேண்டாம், டிகாக்ஷன் மாதிரி லேசாத்தான் இறங்கும். ஆனா ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் குடிச்சா வெறும் கரிச் சுவைதான் தெரியும். 15, 20 நிமிஷம் மேசையில வெச்சு, 10லிருந்து 12 டிகிரிக்கு வந்ததும் ஊத்துங்க. சாக்லேட் அப்பத்தான் வெளிய வரும்.

லெஃப்ட் ஹேண்ட் மில்க் ஸ்டவுட் நைட்ரோ, 6%, கொலராடோ. நைட்ரோன்னா நைட்ரஜன் ஏத்தின பியர். இதை மத்த பியர் மாதிரி கிளாஸைச் சாய்ச்சு மெதுவா ஊத்தினா வீணாப் போயிடும். நைட்ரஜன் திரவத்துல சுலபமாக் கரையாது. அதை உலுக்கி வெளிய கொண்டுவந்தாத்தான் அந்தப் பாலேடு மாதிரி நுரை கிடைக்கும். 16 அவுன்ஸ் கிளாஸை நேரா நிக்க வெச்சு, கேனையோ பாட்டிலையோ தலைகீழாக் கவுத்து ஒரே மூச்சுல ஊத்துங்க. வழிஞ்சுடும்னு கை நடுங்கும், வழியாது. ஒரு எச்சரிக்கை: இதுல லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை இருக்கு. ஈஸ்ட்டால அதை நொதிக்க வைக்க முடியாது, அதனாலதான் இனிப்பு தங்குது. பால் ஒத்துக்காதவங்க தொடவே வேண்டாம்.

ஆச்சரியம்னு கேட்டீங்களே, அதுக்குப் பொருத்தமானது காஸ்ட்கோவோட சொந்தப் பேர்ல வர்ற கிர்க்லேண்ட் ஹெல்லஸ் (ஜெர்மன் பாணி வெளிர் நிற லாகர் பியர்). காய்ச்சுறது ஓரிகன்ல இருக்கிற டெஷூட்ஸ், 4.5%. ரொட்டி மேலோடு மாதிரி மால்ட் மணம், கசப்பு ரொம்பக் குறைச்சல். இந்த ரகத்துல ஒளிச்சுக்க இடமே கிடையாது, சின்னப் பிழை நடந்தாலும் நாக்குல தெரிஞ்சிடும். கடைப்பேர் போட்ட பெட்டியில இவ்வளவு சுத்தமா வர்றது பெரிய விஷயம்.

ஒஹாயோவாசி:
ரொம்ப நன்றி அண்ணா, மாமா. இன்னொண்ணு. பச்சை பாட்டில் பியர் சிலது ஒரு மாதிரி நாறுதே, அதுவும் பழசானதாலதானா?

ஹாப்ஸ்பித்தன்:
இல்லை, அது வெளிச்சத்தால். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடையும்போது ஒரு கந்தகச் சேர்மம் உருவாகும். ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்துக்கு ரொம்ப நெருக்கமானது அது. நேர் வெயிலில் சில நிமிடம் போதும், கடையின் ட்யூப்லைட்டில் சில நாள் ஆகும். பழுப்புக் கண்ணாடி பெரும்பாலும் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது, கேனில் பிரச்சினையே இல்லை. பாட்டில்தான் வேண்டுமென்றால் மூடிய அட்டைப்பெட்டியில் இருப்பதை எடுங்கள், விளக்குக்கு நேராக முன்வரிசையில் நிற்பதை விடுங்கள்.

மிளகுத்தூள்:
சாப்பாட்டுக் கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் நான் வருகிறேன்.

மிளகாயின் எரிச்சலை மூன்று விஷயங்கள் கூட்டும்: மதுவின் அளவு, ஹாப்ஸ் கசப்பு, அதிகமான குமிழி வாயு. செட்டிநாட்டுக் கோழிக்கு டூ ஹார்ட்டட் வைத்தால் நாக்கு பற்றி எரியும், பியரும் புரியாது, கோழியும் புரியாது. அங்கே மாமா சொன்ன ஹெல்லஸ்தான் சரி.

மீன் வறுவலுக்கு அலகாஷ் ஒயிட், 5.2%. மெய்ன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் 1995 முதல் காய்ச்சுகிறார்கள். இதில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். நம் மசாலாவிலும் அதே தனியா இருப்பதால், எலுமிச்சை பிழிந்த வஞ்சிரத் துண்டோடு அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். முக்கால்வாசி ஊற்றிவிட்டு, மீதியைப் பாட்டிலோடு ஒரு சுழற்றுச் சுழற்றி அடி ஈஸ்ட்டைக் கலக்கி அதையும் ஊற்றுங்கள். கலங்கலாகத்தான் இருக்க வேண்டும்.

மட்டன் சுக்காவுக்கு எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், காரம் மட்டாக இருந்தால் மட்டும். அதே போர்ட்டர் கருப்பட்டி அதிரசத்தோடு இன்னும் நன்றாக இருக்கும், இரண்டிலும் அந்தக் கருகிய சர்க்கரை வாசம் உண்டு. சியரா நெவாடாவுக்கு வெண்ணெய் முறுக்கு. உப்பும் கொழுப்பும் கசப்பை மழுக்கும்.

இத்தனையையும் கெடுப்பது பெரும்பாலும் கிளாஸ்தான். பால், மோர் ஊற்றிய டம்ளரில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலம் இருக்கும், நுரை ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். பியர் கிளாஸைத் தனியாக வையுங்கள். ஒரு ஸ்பூன் கல்லுப்பை ஈரக் கையால் உள்ளே தேய்த்து அலசுங்கள். தண்ணீர் உள்சுவரில் ஒரே படலமாக வடிந்தால் சுத்தம், துளித்துளியாக நின்றால் இன்னொரு தடவை தேய்க்கவும். துணியால் துடைக்க வேண்டாம், கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். ஃப்ரீசரில் உறையவைத்த கிளாஸும் வேண்டாம்: பனித்துகள் பட்டு நுரை பொங்கும், அந்தக் குளிரில் மணமும் எழும்பாது.

மால்ட்டு மாமா:
கிளாஸ் விஷயம் நூத்துக்கு நூறு. ஹாப்ஸ்பித்தனோட 90 நாள் கணக்குல மட்டும் ஒரு திருத்தம். போர்ட்டர், ஸ்டவுட்டுக்கு அது பொருந்தாது. ஃப்ரிட்ஜ்லயே இருந்ததுன்னா அஞ்சாறு மாசம் தாராளமாத் தாங்கும். தள்ளுபடி விலையில போட்டிருந்தா தைரியமா எடுக்கலாம்.

ஹாப்ஸ்பித்தன்:
ஒப்புக்கொள்கிறேன், மாமா. தள்ளுபடி விலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சியரா நெவாடா செலிப்ரேஷன், 6.8%. சிவப்புப் பெட்டி, பனி, மர வீடு எல்லாம் பார்த்து, பட்டை கிராம்பு போட்ட கிறிஸ்துமஸ் பியர் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். மசாலாவே கிடையாது. அந்த வருட அறுவடையில் முதலில் வரும் ஹாப்ஸை வைத்து 1981 முதல் காய்ச்சுகிற ஐபிஏ அது. அக்டோபர், நவம்பரில் வந்ததும் வாங்குங்கள். பிப்ரவரியில் பாதி விலைக்குக் கிடைத்தாலும், அதற்குள் அதன் ஹாப்ஸ் மணம் பெரும்பாலும் போயிருக்கும்.