ஒரே பள்ளி உள்ள ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டை நம்பி வீடு வாங்கலாமா?

எடிசன்_அம்மா:
நியூ ஜெர்சி நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். எடிசனில் வாடகைக்கு இருக்கிறோம், கிரான்பரியில் ஒரு வீடு பிடித்துப்போய்விட்டது. ஆனால் அந்த ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் டிஸ்ட்ரிக்ட்டில் இருப்பதே ஒரு பள்ளிதான், 8-ஆம் வகுப்போடு சரி, அதற்குமேல் பிள்ளைகள் பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். பெண் 3-ஆம் வகுப்பு. பையனுக்கு நாலு வயது, பேச்சு வரத் தாமதம், தனியாரிடம் ஸ்பீச் தெரபி நடக்கிறது. நாளைக்கே பிரின்ஸ்டன்காரர்கள் உங்கள் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கணேஷ்_மிடில்செக்ஸ்:
அந்தப் பயம் வேண்டாம். இது வாய்வார்த்தை ஏற்பாடு இல்லை. கிரான்பரி தன் வரிப்பணத்திலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் பிரின்ஸ்டனுக்குக் கட்டணம் கட்டுகிறது, முறித்துக்கொள்ள யார் நினைத்தாலும் ஆய்வறிக்கையோடு மாநிலக் கல்வி ஆணையரிடம் போய் அனுமதி வாங்கியாக வேண்டும். பிரின்ஸ்டன் பள்ளிகளை நிர்வகிக்கும் குழுவான போர்டில் கிரான்பரிக்கு ஒரு இடம்கூட உண்டு, எல்லா விஷயத்திலும் வாக்களிக்க முடியாது, அவ்வளவுதான். நான் யோசிப்பது பயணத்தைத்தான். காலை நேரத்தில் ரூட் 1 நெடுஞ்சாலையைத் தாண்டிப் பஸ் போக வேண்டும்.

நித்யா_ஆர்:
பெண்ணைப் பற்றிக் கவலையே படாதீங்க, சின்னப் பள்ளியில் பிரின்சிபாலுக்கே பிள்ளைகளின் பெயர் தெரியும். பையன் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். நாங்கள் இருந்த வேறொரு சின்ன டிஸ்ட்ரிக்ட்டில் ஸ்பீச் தெரபிஸ்ட் பக்கத்து ஊரோடு பங்கு, வாரத்தில் சில நாள்தான் வருவார், அவர் லீவு போட்டால் மாற்று ஆள் கிடையாது. விடுபட்ட வகுப்பை ஈடுகட்டச் சொல்லி நான் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒன்று, சட்டம் ஊரின் அளவைப் பார்ப்பதில்லை. சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு 3 வயதிலிருந்தே பொறுப்பு டிஸ்ட்ரிக்ட்டுடையது. நீங்கள் இப்போதே எடிசனில் சைல்டு ஸ்டடி டீமுக்கு, அதாவது பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிடும் டிஸ்ட்ரிக்ட் குழுவுக்கு, மதிப்பீடு கேட்டு எழுத்தில் கொடுங்கள், வாயால் கேட்டால் போதாது. எழுத்து போய்ச் சேர்ந்தால் 20 நாளுக்குள் கூட்டம் வைத்தாக வேண்டும், பள்ளி விடுமுறைகள் அதில் சேராது, ஆனால் கோடை விடுமுறை சேரும். கையில் ஐஇபி, அதாவது பிள்ளைக்கு என்னென்ன சேவை என்று எழுதிய தனித்திட்டம், இருந்தால் ஊர் மாறினாலும் அதே அளவுக்குச் சேவை தரச் சொல்லிக் கேட்கலாம்.

எடிசன்_அம்மா:
நித்யா, ரொம்ப நன்றி. தனியாரிடம் போனால் போதும் என்றே இருந்துவிட்டோம், இன்றைக்கே கடிதம் எழுதுகிறேன்.

போர்டு_மீட்டிங்_பார்வையாளர்:
பட்ஜெட்டையும் பாருங்கள். சொத்து வரியில் பள்ளிக்குப் போகும் பங்கை, சில விலக்குகள் தவிர, வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது, ஆனால் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு அந்த 2 சதவீதத்துக்குள் நிற்பதில்லை. பெரிய டிஸ்ட்ரிக்ட் எப்படியோ சமாளித்துவிடும். ஒரே பள்ளி என்றால் சிறப்பு உதவி தேவைப்படும் ஒரு பிள்ளையை வெளியே சிறப்புப் பள்ளிக்கு அனுப்பும் செலவே பட்ஜெட்டை ஆட்டிவிடும், உடனே இசை ஆசிரியர் பாதி நேரம் போதுமா, ஸ்பானிஷ் வேண்டுமா என்று பேச்சு வரும். அப்படிப்பட்ட நாளில் அந்தப் பிள்ளையின் பெற்றோர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, மாநிலம் அந்தச் செலவில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தருகிறது.

வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த ஊர் போர்டு மீட்டிங் ஒன்றுக்குப் போய் உட்காருங்கள், யார் வேண்டுமானாலும் போகலாம். போன வருஷக் கூட்டக் குறிப்புகளை (மினிட்ஸ்) இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள், அதில் ஸ்பீச் தெரபிஸ்ட் சொந்த ஊழியரா ஒப்பந்தமா என்று தேடிப் பாருங்கள். சொந்த ஊழியர் என்றால் நான் தைரியமாக வாங்குவேன்.