வீட்டு அலாரம் கீபேட் பச்சை காட்டுது, கதவு திறந்து கிடக்கு: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

ஒயர்முனை:

மலேசியாவுல சுங்கை சிப்புட், செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டின தாமான் (குடியிருப்பு), ஓரத்து வீடு. பின்கதவு வழியா ஆள் புகுந்திருக்கான். அலாரம் ஆன்ல இருந்தது. பேட்டரி புதுசு. சைரன் டெஸ்ட் பண்ணா தெருவே எழுந்து நிக்குது. ஆனா அன்னிக்கு ராத்திரி ஒரு சத்தமும் இல்லை.

பேனலைத் (அலாரத்தோட மூளைப் பெட்டி) திறந்து, சோன் 3 (பின்கதவு லைன்) ஒயர் ரெண்டையும் கழட்டி மீட்டர் வச்சா 1.4 ஓம். சரி, கதவு சாத்தியிருக்கு. கதவை முழுசா திறந்தாச்சு, மீட்டர் எகிறணும். அப்பவும் 1.4. ஆட்டு, சாத்து, திற, அந்த எண் அசையவே இல்லை. இன்னும் கண்ணுலயே நிக்குது அந்த 1.4.

அடுப்பங்கரை கேபினெட் மாத்தினவங்க அடிச்ச ஆணி ஒண்ணு கேபிளுக்குள்ள இறங்கி ரெண்டு செம்பையும் சேர்த்து வச்சிருக்கு. பேனல் பார்த்தது ஆணியை, கதவை இல்லை. இஓஎல் ரெசிஸ்டர் (ஒயரோட கடைசி முனையில மாட்ட வேண்டிய சின்ன மின்தடை, அந்த அளவு தெரிஞ்சாத்தான் பேனல் கதவு சாத்தியிருக்குன்னு நம்பும்) எட்டும் பேனல் பெட்டிக்குள்ளயே, டெர்மினல்ல வரிசையா மாட்டியிருந்துச்சு. பார்க்க நல்லா அழகா இருக்கும். அதுல ஒண்ணு கதவுக் காண்டாக்ட் (காந்தம் விலகினா திறக்கிற சின்ன சுவிட்சு) பக்கம் இருந்திருந்தா, ஆணி இறங்கின அன்னிக்கே பேனல் கிட்டத்தட்ட 0 ஓம் பார்த்து "சோன் தயாரில்லை"ன்னு நின்னிருக்கும், ஆன் பண்ணவே விட்டிருக்காது. ஏணி ஏற சோம்பல் பட்டு ரெசிஸ்டரைப் பெட்டிக்குள்ள போடுற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப.

பதிமூணு புள்ளி ஆறு:

தம்பி, ரெசிஸ்டர் கதை சரிதான். ஆனா அதைவிட அதிகமா ஏமாத்துறது பேட்டரி.

இடி மழை, டிஎன்பி கரண்ட் போச்சு, கொஞ்ச நேரத்துல கீபேட் மங்கிச் செத்துப்போச்சு. வீட்டுக்காரங்க சொல்றாங்க, "போன மாசம்தான் செக் பண்ணாங்க, 13.6 இருந்துச்சு." இருக்கும்தான். சார்ஜர் கொடுக்கிற வோல்ட் அது, பேட்டரியோடது இல்லை. டிபி பாக்ஸ்ல (வீட்டு மெயின் சுவிட்சுப் பெட்டி) பிரேக்கரை இறக்கிட்டு, சைரனை அடிக்க விட்டு, பேட்டரி முனையில மீட்டரை வச்சுப் பாருங்க. நல்ல பேட்டரி 12-க்கு மேல நின்னு பிடிக்கும். அந்த வீட்டுப் பேட்டரி 40 விநாடிக்குள்ள 9.8-க்கு வந்துடுச்சு. 10.5-க்குக் கீழே இறங்கினா குப்பைதான். வெளியே எடுத்தா ரெண்டு பக்கமும் உப்பி, பெட்டியில சிக்கிக்கிட்டு வரமாட்டேங்குது.

கணக்கு ரொம்ப சுலபம். பேனலும் கீபேடும் 120 மில்லி ஆம்ப், பிஐஆர் (சூடு அசையிறதைப் பிடிக்கிற சென்சார்) ஆறு, ஒண்ணுக்கு 12 மில்லி ஆம்ப்னா 72. மொத்தம் 192. 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்ப்-மணி) பேட்டரி புதுசுல காகிதக் கணக்குப்படி 36 மணி நேரம் தாங்கும். மூணு வருஷம் ஆனதுல பாதிகூட எதிர்பார்க்காதீங்க. பேனலைச் சீலிங்குக்கு மேல ஒளிச்சு வச்சிருந்தா இன்னும் மோசம், துத்தநாகக் கூரைச் சூடு பேட்டரியைத் தின்னுடும். மாத்தின தேதியை மார்க்கர் பேனாவால பேட்டரி மேலயே எழுதிடுங்க.

பல்லி முட்டை:

ராத்திரி ரெண்டு ரெண்டரைக்கு ஹால் சோன் அடிக்கும். வாரத்துல நாலு நாள். பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கே வந்துட்டாங்க. வீட்டுக்காரங்க பேய்ன்னு சொல்லி எலுமிச்சம்பழம் கட்டியாச்சு.

பிஐஆர் மூடியைக் கழட்டினா உள்ளே, சர்க்யூட் போர்டு ஓரமா, வெள்ளையா ரெண்டு முட்டை. பல்லி ஒயர் துளை வழியா உள்ளே போய்க் குடும்பமே நடத்துது. சென்சார் கண்ணுக்கு முன்னாடி ஒரு விரற்கடை தூரத்துல வால் ஆடினா, அதுக்கு அது யானை. முட்டையை எடுத்து, ஒயர் துளையையும் ஆணித் துளையையும் சிலிக்கான் வச்சு அடைச்ச பிறகு சத்தம் இல்லை. அந்த எலுமிச்சம்பழம் மட்டும் இன்னும் தொங்குது.

மூணாம் நம்பர் லயன்:

பல்லி முட்டை சொல்றது வீட்டுக்குள்ள இருக்கிற பிஐஆருக்கு மட்டும். அதைப் படிச்சிட்டு வெளிச் சைரன் பெட்டியையும் யாராவது முழுசா அடைச்சு வைக்கப் போறாங்க. அடியில இருக்கிற தண்ணி வடியிற துளையை விட்டுடணும், இல்லைன்னா உள்ளே வேர்த்துப் போர்டு பச்சை பூத்துடும்.

நம்ம பார்த்தது சாமி மேடை. வெள்ளிக்கிழமை விளக்கேத்தி வச்சிட்டுக் கோயிலுக்குப் போனா அலாரம். சாம்பிராணிப் புகைன்னு நினைச்சாங்க. புகைக்கு அலறுறது ஸ்மோக் டிடெக்டர், பிஐஆர் பார்க்கிறது சூட்டு அசைவை. காத்தாடி காத்துல சுடர் ஆடுது, நேர் எதிர்ல பிஐஆர். லென்ஸுக்கு உட்பக்கம், விளக்குப் பக்கம் பார்க்கிற கட்டத்தை மட்டும் மறைச்சு ஒட்டினதும் தீர்ந்துச்சு.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். பிஐஆரை 2.1-லிருந்து 2.4 மீட்டர் உயரத்துல, மூலையில, ஜன்னலைப் பார்க்காம வையுங்க. திருடன் குறுக்கே நடக்கிற மாதிரி இருக்கணும், நேரா சென்சாரைப் பார்த்து வந்தா அது பிடிக்கிறது மெதுவு. பிஐஆருக்குள்ள பல்ஸ் ஜம்பர் (எத்தனை அசைவுக்கு அப்புறம் அடிக்கணும்னு வைக்கிற சின்ன பின்) 1-ல இருந்தா 2-க்கு மாத்துங்க, பூச்சியால வர்ற பொய் அலாரம் குறையும். பூச்சி மருந்தை லென்ஸ் மேல அடிக்காதீங்க, ஈரத் துணியால துடைச்சாப் போதும். இரும்பு கிரில் கதவுக்கு வீட்டுக்கதவுல போடுற சின்னக் காந்தம் ஆகாது. இரும்பு காந்தத்தை இழுத்துக்கும், காந்தம் எட்டுற தூரம் பாதியாயிடும், வெயில்ல கிரில் கொஞ்சம் நகர்ந்தாலே அலாரம். ரோலர் ஷட்டருக்குப் போடுற அலுமினிய உடம்பு காண்டாக்ட் வாங்குங்க. செம்பனை பக்கத்து வீடுன்னா எலி நிச்சயம். தோட்டத்துலயே எலிக்காக ஆந்தைக் கூண்டு கட்டி வைக்கிறாங்க, உங்க சீலிங்கை எலி விட்டு வைக்குமா? கேபிளைப் பிவிசி குழாய்க்குள்ள விடுங்க.

புது தாமான்:

இவ்வளவு பாடு எதுக்கு? ஒயர்லெஸ் போட்டா ஆணியும் இல்லை, எலியும் இல்லை.

ஒயர்முனை:

புது தாமான், விலை குறைஞ்ச 433 மெகாஹெர்ட்ஸ் செட்டுல கதவுக் காண்டாக்ட் ஒருவழிதான் பேசும். கதவு திறந்தா "திறந்தாச்சு"ன்னு ஒரு தடவை கத்தும், அவ்வளவுதான். அதோட பேட்டரி செத்தா பேனலுக்குத் தெரியாது, பச்சை விளக்கு பச்சையாவே இருக்கும். என் 1.4 ஓம் கதைதான், ஒயர் இல்லாம. மணிக்கொரு தடவையாவது "இருக்கேன்"னு சொல்ற, பேனல் பதில் கொடுக்கிற இருவழி செட்டா பார்த்து வாங்குங்க.

பதிமூணு புள்ளி ஆறு:

அதே மாதிரி டயலர் (அலாரம் அடிச்சா ஃபோன் போடுற பெட்டி). ஒரு வீட்டுல சைரன் அரை மணி நேரம் கத்தியிருக்கு, சிங்கப்பூர்ல இருக்கிற மகனுக்கு ஒரு கால் கூடப் போகலை. டயலர் 3ஜி மட்டும் பிடிக்கிற மாடல். மலேசியாவுல 3ஜியை 2021 கடைசியிலயே நிறுத்தியாச்சு. பெட்டி மட்டும் விளக்கெரிஞ்சு சுவத்துல உக்காந்திருக்கு. 4ஜி டயலர் வச்சிருந்தாலும் பிரீபெய்டு சிம் ரீலோட் தேதி தாண்டினா அதுவும் அதே கதிதான்.

வீட்டு ஃபோன் லைன்ல இணைச்சிருந்தா இன்னொரு கண்ணி. செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்தாச்சுன்னா ஃபோன் ரூட்டர்ல இருந்துதான் வருது. கரண்ட் போனா ரூட்டர் செத்துடும். அலாரத்துக்குப் பேட்டரி இருக்கு, பேச வழி இல்லை. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சின்ன யுபிஎஸ் ஒண்ணு வையுங்க. டயலர்ல 999 நம்பரைப் போடாதீங்க, பல்லி வாலாட்டினதுக்கெல்லாம் போலீஸ் லைனைப் பிடிச்சு வைக்கக் கூடாது.

டீச்சர் வீடு:

ஒயர்முனை அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே எல்லா சோனையும் கழட்டி மீட்டர் வச்சுப் பார்த்தோம். பேனல் ரெசிஸ்டர் 2.2 கே. ஏழு சோன் சரியா 2.2 காட்டுது, திறந்தா மீட்டர் எகிறுது. சோன் 6 மட்டும் எல்லாம் சாத்தியிருக்கும்போதே 4.4 கே. அதுல ரெண்டு ஜன்னல் காண்டாக்ட். கீபேட்ல பார்த்தா சோன் 6 பைபாஸ்ல (பேனல் கண்டுக்காம விடுற மாதிரி) கிடக்கு, யார் போட்டதுன்னு தெரியலை.

ஒயர்முனை:

காண்டாக்ட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஜன்னல்லயும் ரெசிஸ்டர் போட்டிருக்காங்கமா, வரிசையா சேர்ந்து 4.4. பேனல் அதைத் திறந்த ஜன்னலாத்தான் பார்க்கும், அலாரம் ஆன் ஆகாது. சரி பண்றதுக்குப் பதிலா பைபாஸ் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு சோனுக்கு ஒரே ரெசிஸ்டர், கடைசிக் காண்டாக்ட்ல. பேனலுக்குக் கிட்ட இருக்கிற ஜன்னல் ரெசிஸ்டரை எடுத்துட்டு ஒயரை நேரா சேர்த்துச் சால்டர் வையுங்க, முறுக்கி டேப் சுத்துறது வேணாம். மீட்டர்ல 2.2 வந்த பிறகு பைபாஸை எடுங்க. அப்புறம் ரெண்டு ஜன்னலையும் ஒவ்வொண்ணாத் திறந்து பாருங்க, ஒண்ணை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க.